பூமியை எடையிட்ட பெரியார்: ஹென்றி காவெண்டிஷ்

பௌதிக நூல் பயிலும் மாணவர் எவரும் காவெண்டிஷ் என்னும் பெயரைக் கேளாதிருத்தல் அரிது. கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் 1874-ஆம் ஆண்டு திறக்கப்பெற்று, ஜே. ஜே. தாம்ஸன், ரதர்போர்டு முதலிய பேரறிஞர் தலைமை வகித்த சோதனைச்சாலை அப்பெயரையே தாங்கி நிற்கின்றது. ஆயினும் ஹென்றி காவெண்டிஷ் என்பார் எத்தகையவர், எங்ஙனம் வாழ்ந்தார் என வினவினால் விடை கூறவல்லார் மிகச் சிலரே. அப்பெரியார் தாமும் அதனையே விரும்பியிருப்பார் என்று நினைக்க இடமுண்டு. தம்மைப் பற்றிப் பிறர் பேசுவதையும், தம்மைப் பிறர் உற்று நோக்குவதையும் பொறாத இயல்பினர் அவர். செல்வத்தில் தம் நாட்டில் முதல் வரிசையில் நின்றும், அறிவில் தம் காலத்தார் அனைவரையும் விஞ்சியும், வாழ்நாள் முழுவதும் ஓர் அறையின் மூலையில் ஒதுங்கி நிற்பவரைப் போலவே நடந்துகொண்டார். அம்மூலையிலிருந்து அவர் கண்டவையோ அளப்பரியன.

1731-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 10-ஆம் நாள், மத்தியதரைக் கடற்கரையிலுள்ள நீஸ் நகரில் அவர் பிறந்தார். அந்நகர் அக்காலத்தே ஸார்டினியா அரசருக்குரியதாயிருந்தது. தந்தையார் சார்ல்ஸ் காவெண்டிஷ் பிரபு, இரண்டாம் டெவன்ஷயர் கோமகனின் புதல்வர். தாயார் ஆன் சீமாட்டி, கெண்டு கோமகனின் புதல்வி. தாயார் இளைய மகன் பிரெடரிக்கைப் பெற்ற சில மாதங்களில், 1733-இல் காலமானார். இரண்டு வயது நிரம்பாத ஹென்றி தந்தையாரின் கண்காணிப்பிலேயே வளர்ந்தார். அத்தந்தையாரும் ஓர் ஆராய்ச்சியாளர் என்பது நம் கவனத்திற்குரியது. ஒரு நாளின் மிகுந்த உஷ்ணத்தையும் குறைந்த உஷ்ணத்தையும் தானே குறித்து வைக்கும் உஷ்ணமானிகளை அமைத்து, அதற்காக 1757-இல் ராயல் சங்கத்தின் காப்லிப் பதக்கத்தைப் பெற்றவர் அவர். ஆகவே அளப்பதில் நுணுக்கம் என்னும் குணம் மகனுக்குப் பிதுரார்ஜிதமாக வாய்த்ததென்றால் பிழையாகாது.

ஹாக்னியில் ஒரு பள்ளியிற் பயின்ற பின்னர், 1749-இல் கேம்பிரிட்ஜில் பீட்டர்ஹவுஸ் கல்லூரியிற் சேர்ந்தார். 1753-இல் பட்டம் எதுவும் பெறாமலே அதனை விட்டு நீங்கினார். பரீட்சையை எதிர்நோக்கியிருக்கும் நம் இளைய நண்பர்கள் இவ்வொன்றில் மட்டும் அவரை முன்மாதிரியாகக் கொள்ளாதிருப்பாராக. உத்தியோகம் தேட வேண்டிய நிர்ப்பந்தம் அவருக்கு என்றும் நேர்ந்ததில்லை. லண்டன் மாநகரில் கிரேட் மார்ல்பரோ வீதியில் தந்தையாருடைய இல்லத்திலேயே தங்கி, அங்கே தமக்கென ஒரு சோதனைச்சாலை அமைத்துக்கொண்டு, சுமார் முப்பது ஆண்டுகள் உழைத்தார். 1760-இல் ராயல் சங்கத்தின் அங்கத்தினரானார். அச்சங்கத்தார் வியாழக்கிழமைதோறும் கூடியுண்ணும் விருந்து ஒன்றே அவர் மனிதரோடு கலந்த இடம் என்னலாம்.

அக்கலப்புத்தானும் எத்தகையது! அவரோடு உரையாட விரும்புவோர் அவர் முகத்தைப் பாராமல், வெறுவெளியை நோக்கிப் பேசுவது போலத் தம் கருத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று அனுபவசாலிகள் புதியவர்க்கு எச்சரிக்கை செய்வராம். பொருள் அவருக்கு உவப்பாயிருப்பின் மெல்லிய குரலில் தட்டுத் தடுமாறி ஒரு விடை வரும். அன்றேல் அவர் அவ்விடத்தை விட்டே அகன்றுவிடுவார். பழைய பாணியில் தைத்த, நிறம் மங்கிய ஊதா அங்கி ஒன்றே அவர் உடை. வீட்டில் பணிப்பெண்கள் அவர் கண்ணிற் படலாகாது. உண்ண வேண்டியதை ஒரு துண்டுக் கடிதத்தில் எழுதிக் கூடத்து மேசை மேல் வைத்துவிடுவார். ஒருமுறை மாடிப்படியில் துடைப்பமும் வாளியும் ஏந்திய பணிப்பெண் ஒருத்தி எதிர்ப்பட, அவர் உடனே வீட்டின் பின்புறம் வேறு ஒரு படிக்கட்டுக் கட்டுவித்தார் என்றும் கூறுவர். அவருடைய உருவப்படமாக நமக்குக் கிடைத்துள்ளதும் களவாக எழுதப்பட்டதே: வில்லியம் அலெக்ஸாண்டர் என்னும் ஓவியர் விருந்தொன்றில் கலந்துகொண்டு, மாட்டியிருந்த அங்கியையும் தொப்பியையும் முதலில் வரைந்து, பின்னர் முகத்தை அவரறியாமல் வரைந்து இணைத்தாராம்.

செல்வத்தைப் பற்றியும் அவருக்குக் கவலை இல்லை. உறவினர் வாயிலாகப் பெருஞ்செல்வம் வந்தடைந்தது. அவர் இறந்தபோது சுமார் பத்து லட்சம் பவுன் விட்டுச் சென்றார். தம் கையில் எண்பதினாயிரம் பவுன் சும்மா கிடக்கின்றதே என்று அறிவிக்க வந்த பாங்கிக்காரரை, இவ்விதம் மீண்டும் வந்து தொல்லைப்படுத்தலாகாது என்று கடிந்து அனுப்பினார் என ஒரு கதை வழங்குகின்றது. ஆனால் நூல்கள் வாங்க அவர் தயங்கியதில்லை. தம் நூல்நிலையத்தைத் தாம் வாழும் வீட்டிற்கு அப்பால் தனியே அமைத்து, அறிஞர்க்குத் திறந்துவிட்டார். தாமே ஒரு நூலை எடுத்துச் சென்றாலும் அதற்கு முறைப்படி ரசீது எழுதி வைப்பார். தம்முடைய உடைமைக்குத் தாமே ரசீது எழுதும் ஒருவரை நாம் நகைக்கலாம். பரிசோதனைக் குறிப்பேட்டில் அவர் ஓர் எண்ணையும் தவறவிடாதிருந்தது இக்குணத்தினால்தான் என்பதையும் உடன் எண்ணுதல் வேண்டும்.

இனி அவர்தம் ஆராய்ச்சிகளை நோக்குவோம். 1766-இல் அவர் வெளியிட்ட முதற் கட்டுரைகள் வாயுக்களைப் பற்றியவை. துத்தநாகம், இரும்பு, தகரம் ஆகிய உலோகங்களின் மேல் அமிலங்களை ஊற்றி, எழுந்த எரிவாயுவைச் சேகரித்து, அதன் எடையையும் குணங்களையும் திட்டமாக ஆராய்ந்து, அது ஒரு தனி வாயு எனக் காட்டினார். பின்னர் ஹைட்ரஜன் எனப் பெயர் பெற்றது இதுவே. அவருக்கு முன்னும் இதனைக் கண்டோர் உண்டு. ஆயின் நிறுத்தும் அளந்தும் இதனை அறிமுகம் செய்தவர் இவரே. அவ்வாண்டின் காப்லிப் பதக்கம் இதற்காக அளிக்கப்பெற்றது. 1784-இல் அதனினும் பெரியதொரு செய்தியை வெளியிட்டார். எரிவாயுவையும் பிராணவாயுவையும் கலந்து மின்பொறியால் எரித்தால், அவ்விரண்டும் மறைந்து தூய நீர் மாத்திரமே எஞ்சுகின்றது என்பதே அது. ஆயிரமாயிரம் ஆண்டுகளாக ஐம்பூதங்களுள் ஒன்றாக எண்ணப்பட்ட நீர், ஒரு கூட்டுப்பொருள் என்று அன்று தெரிந்தது. பிளாஜிஸ்டன் என்னும் பழைய கொள்கையின் வழியிலேயே அவர் இதற்கு விளக்கம் கூறினார். சரியான விளக்கம் பிரான்சு தேசத்து லவாஸியரால் வந்தது. யார் முதல்வர் என்று ஜேம்ஸ் வாட், லவாஸியர் ஆகியோர் பெயர்களோடு அவர் பெயரும் சேர்ந்து ஒரு பெரு வழக்கே எழுந்தது. அவ்வழக்கில் மற்றையோர் வாதாடிய அளவு காவெண்டிஷ் வாதாடவில்லை.

1785-இல் செய்த ஒரு சோதனையை நான் சற்று விரித்துக் கூற விரும்புகின்றேன். அம்மனிதரின் உள்ளம் அதில் விளங்குகின்றது. காற்றிலுள்ள நைட்ரஜனோடு பிராணவாயுவைச் சேர்த்து, மின்பொறிகளை ஓயாமற் செலுத்தி, உண்டாகும் பொருளைக் காரநீர் உறிஞ்சுமாறு செய்தார். நைட்ரஜன் முழுவதும் ஒரே பொருள்தானா என்பது அவருடைய ஐயம். முடிவில் மிகுந்த பிராணவாயுவையும் நீக்கிய பின்னர், ஒரு சிறு குமிழி எஞ்சிற்று. எத்தனை முறை பொறியைச் செலுத்தினும் அது கரையவில்லை. அது முதலில் எடுத்த நைட்ரஜனில் 120-இல் ஒரு பங்குக்கு மேற்பட்டதன்று என்று கணக்கிட்டுக் குறித்து வைத்தார். வேறொருவராயின் கருவியின் குற்றம் என்று கருதி விட்டிருப்பார். குறித்து வைப்பது தம் பெயருக்கு இழுக்கென்றும் நினைத்திருப்பார். அக்குமிழி நூறாண்டுகளுக்கு மேல் அவருடைய கட்டுரையில் உறங்கிக் கிடந்தது. 1894-இல் ரேலி பிரபுவும் ராம்ஸேயும் ஆர்கான் என்னும் புதிய வாயுவைக் கண்டபோதுதான், காவெண்டிஷின் குமிழியில் இருந்தது அதுவே என்று உலகம் அறிந்தது.

இக்குமிழியையாவது அவர் அச்சிட்டார். மின்சாரத்தைப் பற்றி அவர் கண்டவற்றுள் பெரும்பகுதியை அச்சிடவும் இல்லை. 1772, 1773-ஆம் ஆண்டுகளில், ஓர் உலோகக் கோளத்தை மற்றொரு கோளத்தின் உள்ளே வைத்து, இரண்டையும் கம்பியால் இணைத்து, வெளிக்கோளத்திற்கு மின்னூட்டினார். பின் அவற்றைப் பிரித்து உட்கோளத்தைச் சோதித்தால் அதில் மின்சாரம் சிறிதும் இல்லை. மின்விசை தூரத்தின் வர்க்கத்திற்கு எதிர்விகிதமாகக் குறைந்தால் மாத்திரமே இவ்வாறு நிகழும் என்பதைக் கணிதத்தால் காட்டி, அவ்வர்க்கத்தின் அடுக்கு இரண்டிலிருந்து 50-இல் ஒரு பங்குக்கு மேல் வேறுபடாது என்று எல்லையும் வகுத்தார். கூலம் என்பார் இதே விதியை 1785-இல் வெளியிட்டுத் தம் பெயரை அதற்குச் சூட்டினார். மின்னோட்டத்தை அளக்கும் கருவி எதுவும் தோன்றாத அந்நாளில், லெய்டன் சாடியின் மின்சாரத்தைத் தம் உடலின் வழியே செலுத்தி, அதிர்ச்சியின் வன்மையைக் கொண்டே ஒன்றோடொன்றை ஒப்பிட்டார். ஓம் 1827-இல் வெளியிட்ட விதியையும் இவ்வகையால் அவர் முன்னரே அணுகியிருந்தார். இவை யாவும் கட்டுக் கட்டாகக் காகிதங்களில் முடங்கிக் கிடந்தன. கிளார்க் மாக்ஸ்வெல் பல ஆண்டு உழைத்து, 1879-இல், தாம் மறைந்த அதே ஆண்டில், அவற்றை நூலாக வெளியிட்டார்.

இவ்வொழுக்கத்தைப் பலரும் அடக்கம் என்று புகழ்கின்றனர். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. புகழை வேண்டாமை அடக்கமே. ஆயினும் கண்ட உண்மையைப் பேழையில் வைத்துப் பூட்டுவது வேறு. பிறர் அதே வழியைத் தாமே வருந்தி வெட்டிக்கொண்டு நடக்க நேர்ந்தது; அவருள் எவரேனும் காவெண்டிஷ் நின்ற இடத்திலிருந்து தொடங்கியிருப்பின் எவ்வளவு தூரம் சென்றிருப்பர்! அவருக்கோ, ஒரு சோதனை தம் மனத்திற்கு நிறைவளிக்கும் வரையில் அது முடிந்ததாகாது. நிறைவளித்த பின்னரோ அதனைப் பிறர்க்குரைக்கும் ஆவல் எழவில்லை. குமிழியை எறியவிடாத அதே உள்ளம்தான் காகிதங்களையும் வெளியே விடவில்லை போலும். குணத்தையும் குற்றத்தையும் பிரித்து எடுக்க இயலாத மனிதர்கள் உண்டு. அவருள் இவர் ஒருவர்.

1783-இல் தந்தையார் காலமானார். அதன் பின்னர் காவெண்டிஷ் லண்டனுக்குத் தெற்கே கிளாப்பம் என்னும் இடத்தில் ஒரு மாளிகையைக் கொண்டு, அதனை முழுவதும் சோதனைச்சாலையாக மாற்றினார். அங்கேதான், அறுபத்தாறாம் வயதில், அவர் பெயரை நிலைபெறச் செய்த சோதனை நடந்தது.

அதன் வரலாற்றைச் சற்று முன்னிருந்து தொடங்க வேண்டும். 1687-இல் நியூட்டன், எல்லாப் பொருளும் எல்லாப் பொருளையும் ஈர்க்கின்றன என்றும், அவ்வீர்ப்புத் தூரத்தின் வர்க்கத்திற்கு எதிர்விகிதமாகக் குறைகின்றது என்றும் நிறுவினார். ஆனால் அவர் காட்டிய சான்றுகள் யாவும் சூரியன், சந்திரன், கிரகங்கள் ஆகியவற்றிற்குரியவை. ஒரு மேசை மேலுள்ள இரு குண்டுகளும் ஒன்றையொன்று ஈர்க்குமன்றோ? ஈர்க்கும் என்றே அவர் சொன்னார். அதனைக் காண இயலும் என்று அவர் நம்பவில்லை. ஓர் அடிக் குறுக்களவுள்ள இரு கோளங்கள் கால் அங்குல இடைவெளியில் நின்றால், தடையில்லாத வெளியிலும் அவை ஒன்றுசேர ஒரு மாதத்திற்குக் குறையாது என்று கணக்கிட்டார். உண்மையில் சில நிமிஷங்களே போதும். யானைக்கும் அடி சறுக்கும் என்பது பழமொழியன்றோ! அக்கணக்கு எவரையும் சோதனைக்கு ஊக்குவிக்கத் தக்கதாயில்லை. 1774-இல் வானநூலார் மாஸ்கெலின், ஸ்காட்லாந்தில் ஷிஹாலியன் என்னும் மலையின் இருபுறமும் தூக்குநூல்களைத் தொங்கவிட்டு, மலை அவற்றைச் சிறிது தன்பால் இழுப்பதைக் கண்டார். அதிலிருந்து பூமியின் அடர்த்தி நீரைப்போல் சுமார் நாலரை மடங்கு எனக் கணக்கிடப்பட்டது. அதற்கு வழிவகுத்த ராயல் சங்கத்தின் குழுவில் காவெண்டிஷும் இருந்தார். ஆனால் ஒரு மலையின் உள்ளே என்னென்ன பாறைகள் எவ்வளவு உள்ளன என்று யாரே திட்டமாக அறிவார்?

மலையை விட்டு அறைக்குள் வரும் வழியைக் கண்டவர் ஜான் மிச்செல். யார்க்ஷயரில் தார்ன்ஹில் என்னும் சிற்றூரின் ஆலயத்திற்குக் குருவாயிருந்த அவர், பூகம்பம், காந்தம், விண்மீன்கள் ஆகியவற்றை ஆராய்ந்த பேரறிவாளர். தன்னுடைய ஒளியும் வெளியேற முடியாத அளவு பெரிய நட்சத்திரம் இருத்தல் கூடும் என்று அவர் எண்ணிய கருத்து, காவெண்டிஷுக்கு எழுதிய கடிதமாகவே 1784-இல் அச்சாயிற்று. மெல்லிய கம்பியில் ஒரு கோலைக் கிடையாகத் தொங்கவிட்டு, கம்பியின் முறுக்கைக் கொண்டு மிகச் சிறு விசைகளை அளக்கும் முறுக்குத் தராசு ஒன்றை அவர் அமைத்தார். அதனைப் பயன்படுத்துமுன்னரே 1793-இல் அவர் உயிர் நீத்தார். கருவி வுல்லாஸ்டன் என்னும் கேம்பிரிட்ஜ் ஆசிரியரின் கைக்குச் சென்று, அவரால் காவெண்டிஷிடம் சேர்ந்தது. காவெண்டிஷ் அதனைப் பெரும்பாலும் புதிதாகவே செய்துகொண்டார். ஆயினும் தம் கட்டுரையின் தொடக்கத்திலேயே இது மிச்செலின் எண்ணம் என்று எழுதிவிட்டார். பிறர் அறிவுக்கும் ரசீது எழுதி வைக்கத் தவறாதவர் அவர்.

ஆறடி நீளமுள்ள மரக்கோல். அதன் இரு நுனிகளிலும் இரண்டு அங்குலக் குறுக்களவுள்ள ஈயக் குண்டுகள். இவை காற்றுப் புகாத பெட்டிக்குள் ஒரே கம்பியில் தொங்கின. பெட்டிக்கு வெளியே, ஓரடிக் குறுக்களவும் சுமார் 350 ராத்தல் எடையும் உள்ள இரண்டு பெரிய ஈயக் கோளங்கள் தொங்கின. இவற்றைச் சிறு குண்டுகளின் ஒரு புறத்திலிருந்து மறுபுறத்திற்குத் திருப்பினால், கோல் சிறிது திரும்பவேண்டும். பெரிய கோளத்தின் நடுவுக்கும் சிறு குண்டின் நடுவுக்கும் இடையே தூரம் சுமார் ஒன்பது அங்குலம். இடையே எழும் ஈர்ப்போ, சிறு குண்டின் எடையில் ஐந்து கோடியில் ஒரு பங்கு; ஒரு மணற்பருக்கையின் பாரம் என்னலாம்.

ஒரு மணற்பருக்கையின் பாரத்தைத் தேடும் இடத்தில் மனிதர் நிற்கலாகாது என்பதைக் காவெண்டிஷ் தெளிவாக அறிந்தார். உடலின் வெம்மை ஒன்றே காற்றை அசைக்கும். பெட்டியின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட இம்மியளவு சூடேறினும், உள்ளே எழும் காற்றோட்டம் தேடும் விசையை விழுங்கிவிடும். ஆகவே கருவியை ஓர் அறையில் வைத்து மூடினார். சுவரில் துளையிட்டு, வெளியிலிருந்து தூரதிருஷ்டிக் கண்ணாடியால் கோலின் நுனியிலுள்ள அளவுகோலைப் பார்த்தார். விளக்கும் வெளியிலேயே இருந்தது. கயிறும் கப்பியும் கொண்டு வெளியிலிருந்தே பெரிய கோளங்களைத் திருப்பினார். கோல் திரும்பிற்று; அதன் பெயர்ச்சி அங்குலத்தில் ஆறில் ஒரு பங்கு ஏறக்குறைய. அது ஒருமுறை ஊசலாடி மீளச் சுமார் கால் மணி நேரம் ஆயிற்று. இவ்வாறு 1797 ஆகஸ்டு முதல் 1798 மே வரையில், முதியவர் ஒருவர் பூட்டிய அறையின் சுவருக்கு அப்பால் நின்று, ஆடும் கோல் ஒன்றை நோக்கியிருந்தார்.

இவர் பெருமை கோல் திரும்பக் கண்டதில் மட்டும் இல்லை. அது வேறு எதனால் திரும்பியிருக்கலாம் என்று தமக்கு எதிராகத் தாமே வழக்காடியதில் உள்ளது. கோளங்களைத் தாங்கிய இரும்புத் தண்டுகள் காந்தத்தன்மை பெற்றிருக்குமோ என்ற ஐயத்தால் அவற்றை நீக்கிச் செம்பினால் செய்தவற்றை இட்டார். கம்பி முறுக்கித் திரும்புகையில் பழைய நிலைக்குச் சரியாக மீளுகின்றதா என்று சோதித்தார். மெல்லிய கம்பியை மாற்றி வலிய கம்பியை இட்டும் பார்த்தார். கோளங்களை வேண்டுமென்றே சூடாக்கி, அதனால் கோல் எவ்வளவு அசைகின்றது என்றும் கண்டார். இத்தனைக்கும் பின்னரே முடிவைச் சொன்னார்: பூமியின் அடர்த்தி நீரைப்போல் 5.48 மடங்கு. இன்று நாம் ஏற்கும் அளவு 5.51. முடிவுகளைக் கூட்டிச் சராசரி எடுப்பதில் அவர் கை சற்றே தவறியதை 1843-இல் பிரான்சிஸ் பெய்லி கண்டார்; திருத்தினால் அது 5.45 ஆகும். எனினும் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு என்னும் அளவே பிழை! ஈர்ப்பின் மாறிலி என்று நம் பாடநூல்கள் கூறும் எண்ணை அவர் கணக்கிட்டதாகச் சொல்வது முறையன்று. அவர் நாடியது பூமியின் அடர்த்தியே. அவர் அளவுகளிலிருந்து அம்மாறிலியைப் பெற்றவர் பின்வந்தோர். வேறொன்றும் அவர் நாடாமலே கைகூடிற்று: கிரகங்களுக்கிடையே ஆட்சி புரியும் விதி, ஒரு சாண் தூரத்திலும் ஆட்சி புரிகின்றது என்று அன்றே முதன்முதலாக ஓர் அறையில் காணப்பட்டது.

1810-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் காவெண்டிஷ் உயிர் நீத்தார். முடிவு நெருங்கியதை உணர்ந்து பணியாளனை வெளியே போகச் செய்து, தனிமையிலேயே இறந்தார் என்பர். டார்பி நகரின் ஆலயத்தில் முன்னோர் அருகே அடக்கம் செய்யப்பெற்றார். பல ஆண்டு தம் ஆராய்ச்சிக்கு உதவிய சார்ல்ஸ் பிளாக்டனுக்குப் பதினையாயிரம் பவுன் எழுதி வைத்திருந்தார். ஏனைய செல்வத்தில் பெரும்பகுதி குடும்பத்திற்கே சென்றது. கேம்பிரிட்ஜ் சோதனைச்சாலைக்குப் பின்னர்ப் பொருள் வழங்கியவர் அக்குடும்பத்தில் வந்த ஏழாம் டெவன்ஷயர் கோமகன்.

அத்தராசு ஓயவில்லை. ஒன்பது அங்குலத்தில் உண்மையான விதி, ஒரு மயிரிழை அகலத்திலும் உண்மையோ என்னும் வினா இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது. 1998-இல், காவெண்டிஷ் தம் கட்டுரையைப் படித்து இருநூறு ஆண்டு நிரம்பிய போது, அர்க்கானி-ஹமீது, டிமோபூலோஸ், டிவாலி என்னும் மூவர் ஒரு கொள்கையை வெளியிட்டனர். நீளம், அகலம், உயரம் என்னும் மூன்றுக்கு மேல், ஒரு மில்லிமீட்டர் அளவிற் சுருண்ட மறைதிசைகள் இருத்தல் கூடும் என்றும், அங்ஙனமாயின் அத்தூரத்திற்குள் ஈர்ப்பு நியூட்டன் கூறியதைவிட விரைவாக வலுப்பெறும் என்றும் அவர்கள் கருதினர். மின்சாரத்தைக் குறித்துக் காவெண்டிஷ் 1773-இல் கேட்ட கேள்வியே இது. எதிர்விகித வர்க்கம் எவ்வளவு திட்டமானது, எதுவரையில்? அமெரிக்காவில் வாஷிங்டன் சர்வகலாசாலையார் முறுக்குத் தராசையே கொண்டு, 2020-இல் 0.052 மில்லிமீட்டர் வரை விதி பிறழவில்லை எனக் காட்டினர். வியன்னாவில் வேறொரு குழுவினர், இரண்டு மில்லிமீட்டர்க் குறுக்களவும் சுமார் 90 மில்லிகிராம் எடையும் உள்ள பொன்மணிகள் இரண்டின் ஈர்ப்பை அளந்து 2021-இல் வெளியிட்டனர். நகரின் வண்டிப் போக்குவரத்தும் நடமாட்டமும் நிலத்தை அதிரச் செய்யாத கிறிஸ்துமஸ் கால இரவுகளே அவர்களுக்கு ஏற்ற வேளையாயிற்று.

இன்னும் நெருங்க வேண்டுமாயின் கம்பியே இடையூறாகின்றது. அதன் உள்ளுராய்வும், அதன் வழியே வரும் அதிர்வும், அளக்க வேண்டிய விசையை மறைக்கின்றன. ஆதலின் கம்பியில் தொங்கவிடாது, எதனையும் தொடாது மிதக்கும் துகள்களை நாடலாயினர். 1971-இல் ஆர்தர் ஆஷ்கின், கீழிருந்து செலுத்திய லேசர் ஒளியின் அழுத்தத்தினாலேயே 20 மைக்ரான் அளவுள்ள கண்ணாடி மணியை அந்தரத்தில் நிறுத்திக் காட்டியிருந்தார். ஸ்டான்போர்டு சர்வகலாசாலையார் அம்முறையில் வெற்றிடத்தில் ஒரு மணியை மிதக்கவிட்டு, பொன்னும் சிலிக்கனும் மாறிமாறி அமைந்த தகடொன்றை அதனருகே சில மைக்ரான் தூரத்தில் முன்னும் பின்னுமாக அசைத்தனர். பொன் கனமானது, சிலிக்கன் இலேசானது. ஈர்ப்போ ஈர்ப்பை ஒத்த புதுவிசையோ இருப்பின் மணி அந்தத் தாளத்திற்கேற்ப அசைய வேண்டும். 2021-இல் அவர்கள் வெளியிட்டபடி புதுவிசை எதுவும் தென்படவில்லை. நியூட்டனின் ஈர்ப்பையே அந்நெருக்கத்தில் உணர அக்கருவிக்கு இன்னும் வன்மை போதாது. அதைவிடப் பன்மடங்கு வலிய விசை இருந்திருந்தால் மாத்திரமே புலப்பட்டிருக்கும். அங்கே காவெண்டிஷின் காற்றோட்டத்திற்குப் பதிலாக வேறு பகைகள் உள்ளன: உலோகப் பரப்பில் திட்டுத் திட்டாகத் தங்கும் மின்னழுத்தம், சிதறும் ஒளி, மிக நெருங்கிய பரப்புகளுக்கிடையே எழும் என்று காஸிமிர் 1948-இல் கணித்த விசை. இவற்றை ஒவ்வொன்றாக விசாரித்து விலக்குவதே அச்சோதனையாளரின் உழைப்பில் பெரும்பாகம்.

காந்தத்தால் மிதக்கவிடுவது மற்றொரு வழி. 2024-இல் லெய்டன், சவுதாம்டன் முதலிய இடங்களின் ஆராய்ச்சியாளர், 0.43 மில்லிகிராம் எடையுள்ள காந்தத் துகள் ஒன்றைக் கடுங்குளிரில் மின்தடையற்ற உலோகத்தின் மேல் மிதக்கவிட்டு, அப்பால் சுழலும் கிலோகிராம் கணக்கான எடைகள் அதனை ஈர்ப்பதைக் கண்டறிந்தனர். அவ்விசை சுமார் 30 அட்டோநியூட்டன். காவெண்டிஷ் அளந்த மணற்பருக்கைப் பாரத்தில் ஐந்நூறு கோடியில் ஒரு பங்கு ஏறக்குறைய. இங்குத் துகளே சிறிது, தூரம் சிறிதன்று. ஈர்க்கும் பொருளையும் சிறிதாக்குவதே அடுத்த நோக்கம் என அவர்கள் அறிவித்துள்ளனர்.